செபம் முடிந்த பின் கால் மணி நேரம்: செப நோட்டு எழுதும் முறை

செப நோட்டு வைத்திருக்கும் பலருடைய நோட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பது மறையுரைக் குறிப்புதான். ஞாயிறு திருப்பலியில் கேட்ட மூன்று கருத்து, தியானத்துக்குப் போனபோது எழுதிக்கொண்ட வசனம், வாட்ஸ்அப்பில் வந்த காலைச் சிந்தனை. எல்லாம் நல்லவைதான், ஆனால் அவை இன்னொருவர் செபித்ததில் விளைந்தவை. உங்கள் செபத்தில் என்ன நடந்தது என்பது அதில் ஒரு வரிகூட இருக்காது. அதை எழுதுவதற்கான முறை இது.

இதன் வேர் இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார். 1521-இல் ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, சொந்த வீட்டில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். கையில் கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும். அவற்றிலிருந்து பிடித்த பகுதிகளை எடுத்து எழுதினார். இயேசு சொன்னவற்றுக்குச் சிவப்பு மை, மரியன்னை சொன்னவற்றுக்கு நீல மை. நோட்டு ஏறக்குறைய 300 தாள் வரை போனது. அந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தார். அரசவை, வீரம், ஒரு சீமாட்டி என்று பகற்கனவு காணும்போது இன்பமாக இருக்கிறது, முடிந்ததும் மனம் வறண்டு போகிறது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைக்கும்போதும் இன்பம்தான், ஆனால் அந்த நினைவு போன பிறகும் மகிழ்ச்சி நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு எண்ணமும் ஒன்றுபோலத் தெரிந்தன. ஓய்ந்த பிறகு மிஞ்சியதுதான் வேறுபாட்டைக் காட்டியது.

செப நோட்டில் பிடிக்க வேண்டியது அந்த மிச்சத்தை. அதனால்தான் செபத்தின் நடுவே பேனா எடுக்கக் கூடாது என்கிறோம். எழுதத் தொடங்கியதும் மனம் வாக்கியத்தைச் சரிபண்ணப் போய்விடும், எதிரில் இருப்பவர் மறந்துபோவார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு அச்சான ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலின் 77-ம் எண் பத்தியில் இஞ்ஞாசியார் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். பயிற்சி முடிந்ததும் கால் மணி நேரம், உட்கார்ந்தோ நடந்தோ, செபம் எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும். சரியாகப் போகவில்லை என்றால் காரணத்தைத் தேட வேண்டும், நன்றாகப் போனால் நன்றி சொல்ல வேண்டும். எழுது என்று அங்கே சொல்லவில்லை. ஆனால் எழுதுவதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

நோட்டு

கோடு போட்ட 200 பக்க நோட்டு போதும். தேதி அச்சிட்ட டைரி வேண்டாம். நான்கு நாள் விட்டுப்போனால் அந்த நான்கு வெற்றுப் பக்கமும் உங்களைக் குற்றம் சாட்டும், ஐந்தாம் நாள் டைரியைத் திறக்கவே மனம் வராது. ஜனவரியில் தொடங்கிய டைரிகள் பிப்ரவரியில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான்.

வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் காலியாக இருக்கட்டும், அதன் வேலை பின்னால் வரும். போனில் எழுதலாமா என்றால் எழுதலாம். ஆனால் செபம் முடிந்த நிமிடமே போனைக் கையில் எடுத்தால், எழுதும் முன் நான்கு செய்தியாவது கண்ணில் படும். மிச்சம் அங்கேயே கலைந்துவிடும்.

செபத்துக்கு முன்: இரண்டு வரி

நற்செய்தியில் ஆறிலிருந்து பத்து வசனம் எடுங்கள். முழு அதிகாரம் வேண்டாம். உதாரணத்துக்கு மாற்கு 10:46–52, எரிகோ வழியோரம் உட்கார்ந்திருந்த பர்த்திமேயு. ஏழே வசனம். நோட்டில் தேதி, தொடங்கும் நேரம், பகுதி. அதன் கீழே இன்று என்ன வரம் கேட்கிறீர்கள் என்று ஒரே வரி. ‘ஆசீர்வாதம்’, ‘சமாதானம்’ என்று பொதுவாக எழுதினால், கிடைத்ததா இல்லையா என்று பின்னால் சொல்ல முடியாது. பர்த்திமேயுவிடம் இயேசு கேட்டதே இந்தக் கேள்விதான்: நான் என்ன செய்ய வேண்டும்? அவர் பொதுவாகப் பதில் சொல்லவில்லை, பார்வை வேண்டும் என்றார்.

பிறகு நோட்டை மூடி வையுங்கள். இருபது நிமிடம் செபம். மெதுவாக இரண்டு முறை வாசித்து, மனம் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். மீதி வசனங்களை முடிக்க வேண்டிய கட்டாயமில்லை.

செபத்துக்குப் பின்: நான்கு வரி

இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். முழந்தாளில் இருந்தவர் நாற்காலிக்கு வரலாம், உட்கார்ந்திருந்தவர் திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ போகலாம். செபம் முடிந்தது, இப்போது பார்க்கிறோம் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். பிறகு எழுதும் பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

12, வியாழன். 5.40–6.00. மாற்கு 10:46–52.
கேட்டது: எனக்கு என்ன வேண்டும் என்று உம்மிடம் நேராகச் சொல்லும் துணிவு.
நின்ற இடம்: 48-ம் வசனம். பேசாதிரு என்று அதட்டிய கூட்டம்.
சிதறியது: வீட்டு லோன். மூன்று முறை.
மிச்சம்: எரிச்சல். கூட்டத்தின் மேல் இல்லை, என் மேல்.
உமக்கு: ஆண்டவரே, ‘இதையெல்லாமா கடவுளிடம் கேட்பது’ என்று என்னை அதட்டுவது நானேதான். லோனைப் பற்றி இன்றும் உம்மிடம் பேசவில்லை. நாளைக்கும் இதே இடத்துக்கு வருகிறேன்.

இவ்வளவுதான். பத்து வரிக்கு மேல் போனால் கட்டுரை ஆகிவிடும்.

இதில் இரண்டு வரி மற்றவற்றைவிட முக்கியம். ஒன்று ‘சிதறியது’. பலர் இதை எழுத வெட்கப்படுவார்கள். ஆனால் மூன்று முறை திரும்பி வந்த லோன்தான் அன்று செபத்துக்குள் வராமல் வாசலில் நின்ற விஷயம். எழுதியதும் அது தெரிந்துவிடுகிறது. எல்லாச் சிதறலும் இப்படி இருக்காது. குக்கர் விசில் வெறும் விசில்தான். ஒரே விஷயம் ஒரே வாரத்தில் மூன்று நாள் வந்தால் அதைச் செபமாக்கிவிடுங்கள்.

மற்றொன்று ‘உமக்கு’. அதுவரை உங்களைப் பற்றி எழுதினீர்கள், இங்கே முன்னிலைக்கு மாறுகிறீர்கள். இந்த வரி இல்லாவிட்டால் நோட்டு ஆறு மாதத்தில் வெறும் மனநிலைக் குறிப்பேடாகிவிடும். உங்களைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கும், ஆண்டவரோடு பேசியிருக்க மாட்டீர்கள். அவசர நாளில் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் எழுதுங்கள்.

‘மிச்சம்’ என்ற இடத்தில் உணர்வின் பெயர் வேண்டும். ‘நல்ல தியானம்’ என்பது மதிப்பெண், உணர்வு அல்ல. பயம், நிம்மதி, சலிப்பு, ஏக்கம், வெறுமை, நன்றி: ஒரு சொல் போதும்.

மறுநாள் புதிய பகுதிக்குத் தாவாதீர்கள். இஞ்ஞாசியார் ‘மீள்செபம்’ கேட்கிறார் (62-ம் எண்): ஆறுதலோ வறட்சியோ அதிகம் தோன்றிய இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கேயே மறுபடி செபிப்பது. நேற்றைய நோட்டில் ‘நின்ற இடம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இன்றைய பகுதி. ஆண்டுக்குள் வேதத்தை முடிக்கும் அட்டவணை வைத்திருப்பவர்களுக்கு இது பிடிக்காது. அந்த வாசிப்பை வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே வசனத்தில் மூன்றாம் நாள் நிற்கும்போது கிடைப்பது முதல் நாள் கிடைப்பதே இல்லை.

இரவில்

ஆன்ம ஆய்வுக்குப் பத்து நிமிடம். 43-ம் எண்ணில் உள்ள வரிசை: முதலில் நன்றி, பிறகு என் குற்றங்களை அறிய அருள் கேட்பது, அன்றைய நாளை மணிக்கு மணி திருப்பிப் பார்ப்பது, மன்னிப்பு, திருந்தும் தீர்மானம். கடைசியில் கர்த்தர் கற்பித்த செபம். வரிசையை மாற்றாதீர்கள். நன்றியில் தொடங்காமல் குற்றத்தில் தொடங்கினால், களைத்த மனம் அங்கேயே உட்கார்ந்துவிடும். நோட்டில் நன்றிக்கு ஒரு வரி, மன்னிப்புக்கு ஒரு வரி, நாளைக்கு ஒரு வரி. நன்றியைக் குறிப்பாக எழுதுங்கள்: ‘குடும்பத்துக்காக’ என்று அல்ல, ‘மாமியார் கேட்காமலே சுக்குக் காப்பி கொடுத்ததற்காக’ என்று.

ஒரே குறையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குத் இஞ்ஞாசியார் தனியாக ஒரு படம் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டிரண்டு கோடு, ஏழு நாளுக்குப் பதினான்கு. கீழே போகப் போகக் கோடு சிறுக்கும். ஓரத்தில் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று எழுதிக்கொள்ளுங்கள். மதிய உணவுக்குப் பின் மேல் கோட்டில், இரவு உணவுக்குப் பின் கீழ்க் கோட்டில், அந்தக் குறையில் எத்தனை முறை விழுந்தீர்களோ அத்தனை புள்ளி. பிள்ளைகளிடம் கத்துவது என்றால் அது ஒன்று மட்டும். கூடவே சோம்பல், பொய் என்று சேர்க்கக் கூடாது. விழுந்த உடனே நெஞ்சில் கை வைக்கச் சொல்கிறார், பலர் நடுவிலும் யாரும் கவனிக்காமல் செய்யலாம் என்பதற்காக. புள்ளியைக் கூட்டி மதிப்பெண் போடுவதற்கல்ல இந்தப் படம். காலையோடு மாலையை, நாளோடு நாளை, வாரத்தோடு வாரத்தை ஒப்பிட. புள்ளியெல்லாம் கீழ்க் கோட்டிலேயே குவிந்தால் சிக்கல் மாலை நேரத்தில் இருக்கிறது. களைப்பா, பசியா, ஆபீஸ் எரிச்சலா என்று அங்கே தேடலாம்.

குற்றவுணர்வால் அலைக்கழிக்கப்படும் மனம் உங்களுக்கு என்றால் இந்தப் படத்தைத் தொடவே வேண்டாம். இஞ்ஞாசியாரே இதில் வதைபட்டவர். மொன்செராத் மடத்தில் தம் வாழ்நாள் பாவங்களை எழுதியே ஒப்புரவு (பாவ அறிக்கை) செய்தார், அதற்கு மூன்று நாள் ஆனது. அப்படியும் மன்ரேசா ஊரில் சந்தேகம் பிடித்துக்கொண்டது: எதையோ விட்டுவிட்டோமோ? நினைவுக்கு வருவதையெல்லாம் எழுது என்றார் ஒரு மறையுரையாளர். எழுதினார், சந்தேகம் திரும்பி வந்தது. பழைய பாவங்களை இனி ஒப்புரவில் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகே விடுதலை கிடைத்தது. பட்டியல் நீள நீளப் பயமும் நீண்டால், நோட்டை மூடிவிட்டு ஆன்ம வழிகாட்டியிடம் போங்கள். இரவில் நன்றி வரி மட்டும் எழுதினால் போதும்.

வறட்சி வந்தால்

வரும். பத்து நாள் ‘மிச்சம்: ஒன்றுமில்லை’ என்றே எழுதுவீர்கள். அப்போது நேரத்தைக் குறைக்காதீர்கள். குறித்த நேரத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக இருங்கள், அதையும் குறித்து வையுங்கள். வறட்சியில் பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பது 318-ம் எண். வேலையை விடுவது, பாடகர் குழுவிலிருந்து விலகுவது, உறவை முறிப்பது போன்ற எண்ணம் அந்த நாட்களில் வந்தால் தேதியோடு எழுதி வையுங்கள், செய்யாதீர்கள்.

வார்த்தையே வராத நாளில் திருப்பாடல் 13-ஐ எலும்புக்கூடாக எடுத்துக்கொள்ளலாம். ஆறே வசனம். முதல் இரண்டில் முறையீடு, எத்தனை நாள் என்று நான்கு முறை கேட்கிறது. அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில் நம்பிக்கை. உங்கள் ‘எத்தனை நாள்’ நான்கையும் உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள். மரியாதைக்காக மெருகேற்ற வேண்டாம். நம்பிக்கை வரி வராவிட்டால் பொய்யாக எழுதவும் வேண்டாம். திருப்பாடல் 88 இருளிலேயே முடிகிறது, அதுவும் திருவிவிலியத்தில்தான் இருக்கிறது.

சில எச்சரிக்கைகள்

‘மகனே, நான் உன்னோடு இருக்கிறேன்’ என்று கடவுளின் குரலில் பதில் எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தொடக்கத்தில் இதம் தரும். நாளடைவில் உங்கள் விருப்பம் அவர் வாயில் பேசத் தொடங்கும், திருமணம், வீடு, வழக்கு என்று முடிவுகள் அதிலிருந்து பிறக்கும். ‘இப்படிச் சொல்வதுபோல் தோன்றியது’ என்று எழுதுங்கள். முடிவெடுக்கும் விஷயமானால் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் காட்டாமல் நகராதீர்கள்.

அடுத்தவருக்காகச் செபிக்கும்போது பெயரை முழுதாக எழுதாதீர்கள், ஓர் எழுத்து போதும். நம் வீடுகளில் நோட்டு யார் கையிலும் சிக்கும். அன்பியக் (பங்கின் சிறு குழு) கூட்டத்தில் ஒருவர் அழுதுகொண்டு சொன்னது உங்கள் நோட்டு வழியாகத் தெருவுக்குப் போகக் கூடாது. ஒப்புரவுக்காக எழுதிய தாளை அன்றே கிழித்துவிடுங்கள்.

சாட்சி சொல்வதற்காக எழுதுவதும் ஆபத்து. கேட்போர் கண்முன் வந்துவிட்டால் ‘சிதறியது’ வரி முதலில் காணாமல் போகும்.

இடப்பக்கத்தின் வேலை

மாதத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, கையில் வேறு நிற மையோடு எழுதியதை வாசியுங்கள். புதிதாக எதுவும் எழுதும் எண்ணம் வேண்டாம். கேட்ட வரம் கிடைத்திருந்தால் எதிரே இடப்பக்கத்தில் தேதி. வேறு விதமாகக் கிடைத்திருந்தால் எப்படி என்று ஒரு வரி. இன்னும் இல்லையென்றால் காலியாகவே விடுங்கள். மூன்று முறைக்கு மேல் வந்த சொல்லை வட்டமிடுங்கள். ‘மிச்சம்’ வரிகளை மட்டும் மேலிருந்து கீழாக வாசித்தால் எந்தச் செயலுக்குப் பின் நிம்மதி நின்றது, எதற்குப் பின் வறண்டது என்று தெரியும். 1521-இல் படுக்கையில் இஞ்ஞாசியார் கண்டுகொண்டதும் இதையே. ஆன்ம வழிகாட்டியிடம் போகும்போது நோட்டைக் கொடுக்க வேண்டியதில்லை, வட்டமிட்ட சொற்களை மட்டும் சொன்னால் போதும்.

நாளாக ஆகப் பதிவு சுருங்கினால் கவலைப்பட வேண்டாம். இஞ்ஞாசியாரின் சொந்த நாட்குறிப்பில் 1544 பிப்ரவரியிலிருந்து ஓராண்டுப் பகுதி தப்பியிருக்கிறது. தொடக்கத்தில் விரிவாக எழுதுகிறார்; பின்பகுதியில் பெரும்பாலும் அன்று கண்ணீர் வந்ததா என்ற சுருக்கக் குறிப்புதான்.

நோட்டு தீர்ந்ததும் இடப்பக்கம் இன்னும் காலியாக உள்ள வேண்டுதல்களைப் புதிய நோட்டின் முதல் பக்கத்துக்கு எடுத்து எழுதுங்கள், பழைய தேதியோடு.