பிரீமியம் குறைந்தது, பாதுகாப்பும் போனது: வீட்டுச் செவிலியர் சேவை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு தேடிச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் நிறுவனம் ஒன்றை இரண்டு ஆண்டுகளாக நடத்திவரும் இளைஞர் ஒருவர், தன் காப்பீட்டுப் பத்திரங்களைப் பார்த்துத் தரும்படி கேட்டார். முதல் பக்கத்திலேயே என் பழைய தவறு வேறொருவர் பெயரில் அச்சாகியிருந்தது.

பிரீமியத்தை நேரத்துக்குக் கட்டுங்கள், பாலிசியைப் பத்திரமாக வையுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதையும் ஒருவர் சொல்லித் தெரிய வேண்டுமென்றால் இந்தத் தொழிலே வேண்டாம்.

பொதுப் பொறுப்புக் காப்பீடு ஒன்றே போதும் என்றிருப்பது

போதாது. அலுவலகத்துக்கு வந்தவர் வழுக்கி விழுந்தால் அது உதவும். மருந்தின் அளவு மாறிப்போனால் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடுதான் வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்தை மாற்றும்போது பழைய தேதியைத் தொலைப்பது

தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டில் இரண்டு வகை உண்டு. ‘அக்கரன்ஸ்’ வகையில், சம்பவம் நடந்த அன்று பாலிசி நடப்பில் இருந்தால் போதும். வழக்கு பிறகு எப்போது வந்தாலும் அந்தப் பாலிசி பொறுப்பேற்கும். ‘க்ளெய்ம்ஸ் மேட்’ வகையில், இழப்பீட்டுக் கோரிக்கை வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். அதோடு, பாலிசியில் குறித்திருக்கும் ‘ரெட்ரோஆக்டிவ்’ தேதிக்குப் பிறகே சம்பவம் நடந்திருக்க வேண்டும். நம் தொழிலில் கோரிக்கை உடனே வருவது அபூர்வம். படுக்கைப் புண் முற்றி, நோயாளி மருத்துவமனைக்குப் போய், குடும்பம் ஆவணங்களைத் திரட்டி, வக்கீலைப் பார்ப்பதற்குள் ஓராண்டு ஓடிவிடும்.

என்னிடம் மூன்று ஆண்டுகளாக க்ளெய்ம்ஸ் மேட் பாலிசி இருந்தது. நான்காம் ஆண்டில் ஒரு முகவர் வந்து, “அதே தொகை, அதே பாதுகாப்பு, பிரீமியம் மட்டும் குறைவு” என்றார். ஏன் குறைவு என்று நான் கேட்கவில்லை. புதிய பாலிசி தொடங்கிய நாளே அதன் ரெட்ரோஆக்டிவ் தேதி. என் மூன்று ஆண்டுச் சுமையை ஏற்காத பாலிசி மலிவாக இருக்காமல் வேறெப்படி இருக்கும்? இந்த வகையில் பிரீமியம் முதல் ஆண்டில் குறைவாகத் தொடங்கி, ஏறக்குறைய ஐந்தாம் ஆண்டுவரை ஏறுவது வழக்கம். நான் ஏணியின் முதல் படிக்கு இறங்கிவந்துவிட்டு, லாபம் பார்த்ததாக மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

ஏழு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. முந்தைய ஆண்டு, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது ஒரு முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. “கோரிக்கை வந்தபோது எங்கள் பாலிசி முடிந்துவிட்டது” என்றது பழைய நிறுவனம். “சம்பவம் எங்கள் தேதிக்கு முந்தையது” என்றது புதியது. இரண்டு பேர் சொன்னதும் சரி என்பதுதான் இன்றைக்கும் எரிச்சல் தருகிறது. வக்கீல் கட்டணமும் சமரசத் தொகையும் என் கையிலிருந்து போயின.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. பராமரிப்பாளர் அன்றே வருகைக் குறிப்பில் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். குடும்பத்தார் ஒன்றும் சொல்லவில்லையே என்று அந்தத் தாளை மேசை இழுப்பறையில் போட்டது நான். பழைய பாலிசி முடிவதற்குள், ‘இப்படி ஒரு சம்பவம் நடந்தது, கோரிக்கை வரலாம்’ என்று விவரத்தோடு எழுத்தில் தெரிவித்திருந்தால், பிறகு வந்த கோரிக்கையை அந்தப் பாலிசிக் காலத்திலேயே வந்ததாக ஏற்கும் விதி அதில் இருந்தது. ஒரு மின்னஞ்சல் போதும். அனுப்பவில்லை.

ஆகவே மாற்றுமுன், பழைய ரெட்ரோஆக்டிவ் தேதியையே புதிய பாலிசியிலும் அச்சிட்டு வாங்குங்கள். முகவர் வாயால் சொல்வது கணக்கில் வராது. தேதி கிடைக்காவிட்டால், பழைய நிறுவனத்திடம் ‘டெயில்’ எனப்படும் நீட்டித்த அறிவிப்புக் காலத்தை விலைக்கு வாங்க வேண்டும். அதற்கான விலை ஓராண்டுப் பிரீமியத்தைத் தாண்டுவதும் உண்டு. வாங்குவதற்கான அவகாசமோ பாலிசி முடிந்து 30 நாள், 60 நாள் என்று குறுகியது. நிறுவனத்தையே மூடிவிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அந்த இளைஞருக்கு டெயில் வாங்க இன்னும் 19 நாள் பாக்கி இருந்தது. “சார், அப்போது நான்கு நோயாளிகள்தானே இருந்தார்கள்?” என்று கேட்டார். என் முதியவர் ஒருவர்தான் என்றேன்.

பணியாளரின் வண்டி அவர் பாடு என்று நினைப்பது

ஒரு நோயாளி வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால், அது உங்கள் வேலையாகப் போன பயணம். அவருடைய சொந்த வாகனக் காப்பீடு, தொழில் பயன்பாடு என்று சொல்லி விலகக்கூடும். வழக்கில் உங்களையும் சேர்ப்பார்கள். நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத வாகனங்களுக்கான பொறுப்புக் காப்பீடு தனியாக உண்டா என்று கேளுங்கள்.

ஒப்பந்தப் பணியாளர்கள்தானே என்பது

பெயரை மாற்றினால் பொறுப்பு மாறாது. பாலிசியில் ‘காப்பீடு பெற்றவர்’ என்பதற்குள் அவர்களும் வருகிறார்களா என்று பாருங்கள்.

திருட்டு

வாடிக்கையாளர் வீட்டு நகை காணாமல் போனால் பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும். பணியாளர் நாணயம் தவறினால் ஈடுகட்டும் காப்பீடு வேறு. அதிலும் வாடிக்கையாளரின் பொருள் அடங்க வேண்டும். உங்கள் கல்லாப்பெட்டி மட்டும் அடங்கினால் பயனில்லை. சில பாலிசிகள், குற்றம் நீதிமன்றத்தில் உறுதியானால்தான் பணம் தரும். அதுவரை அந்த வீட்டாருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

வழக்குச் செலவு உள்ளேயா, வெளியேயா

காப்பீட்டுத் தொகைக்கு உள்ளே என்றால், வக்கீலுக்குப் போக மிஞ்சியதுதான் இழப்பீட்டுக்கு.

புதிய சேவையைச் சொல்லாமல் தொடங்குவது

குளிப்பாட்டவும் உணவூட்டவும் என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டு வென்டிலேட்டர் நோயாளியை ஏற்காதீர்கள். முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், பிறகு செவிலியரை அனுப்புங்கள்.