ஹார்வர்டு செய்தி படிக்கும்போது எங்கே தடுக்கி விழுகிறோம்?

ஹார்வர்டு பெயர் அடிபடாமல் ஒரு வாரம் போவதில்லை. ஒருநாள் காபி நல்லது என்கிறது, மறுநாள் டிரம்ப்போடு மல்லுக்கு நிற்கிறது, அப்புறம் யாருக்கோ அனுமதிக் கடிதம் அனுப்புகிறது. இதையெல்லாம் செய்வது ஒரே ஆள் என்று நினைத்துப் படிப்பதில்தான் முக்கால்வாசிக் குழப்பம் பிறக்கிறது.

முதலில் பணம். அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். 2024 ஜூன் கணக்குப்படி ஹார்வர்டின் அறக்கொடை நிதி 5,320 கோடி டாலர். "இவ்வளவு இருக்கும்போது அரசிடம் ஏன் போய் நிற்கிறார்கள்?" என்று 2025 முழுக்கப் பலர் கேட்டார்கள். இந்த நிதி எப்படி இயங்குகிறது என்று பார்க்க நமக்கு நெருக்கமான உதாரணமே இருக்கிறது: ஹார்வர்டு தமிழ் இருக்கை. அதற்கு வேண்டிய தொகை 60 லட்சம் டாலர். இரண்டு தமிழ் மருத்துவர்கள் தொடங்கி வைக்க, தமிழக அரசு 10 கோடி ரூபாய் தர, ஆயிரக்கணக்கானோர் சின்னச் சின்னத் தொகைகளாகப் போட, 2018-ல் அது சேர்ந்து முடிந்தது. அந்த 60 லட்சத்தை யாரும் எடுத்துச் செலவழிக்க முடியாது. முதல் அப்படியே முதலீட்டில் கிடக்கும். ஆண்டுக்கு ஐந்து சதவீதம் எடுப்பதாக வைத்துக்கொண்டால் சுமார் 3 லட்சம் டாலர் வரும். அது தமிழுக்கு மட்டும்தான். இயற்பியல் ஆய்வகத்தின் கரண்ட் பில்லுக்கு அதில் கை வைக்க முடியாது. கோயிலில் உச்சிக்கால பூஜைக்கென்று எழுதிவைத்த கட்டளை நிலம் மாதிரி. குத்தகை நெல் அந்தப் பூஜைக்கே போகும்.

இப்படி 14,000-க்கும் மேற்பட்ட தனித்தனி நிதிகளின் கூட்டுத்தொகைதான் அந்தப் பெரிய எண். அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, கொடுத்தவர் போட்ட நிபந்தனையோடு வந்தது. வரிச் செய்தியிலும் இதே தடுமாற்றம். 2025-ல் வந்த சட்டம் பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கு வரியை 8 சதவீதம் வரை உயர்த்தியது. மொத்த நிதியில் 8 சதவீதம் போய்விடும் என்று படித்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். வரி விழுவது முதலீட்டு வருமானத்தின் மேல்.

இருக்கை என்றால் தனித் தமிழ்த் துறை என்று நினைப்பவர்களும் உண்டு. அது தெற்காசிய ஆய்வுத் துறைக்குள் இருக்கும் ஒரு பேராசிரியர் பதவி. 'சங்கம் பேராசிரியர்' என்ற பெயரில் அதில் அமர்ந்தவர், சங்க இலக்கியத்தை மொழிபெயர்த்தவரான மார்த்தா ஆன் செல்பி.

அடுத்து, அரசு நிறுத்திய பணம். 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு 220 கோடி டாலரை முடக்கியதும், 'ஹார்வர்டுக்கான மானியம் ரத்து' என்று நம் பக்கத்தில் எழுதினார்கள். ஏதோ அரசுக் கல்லூரிக்குச் சம்பளப் பணம் நின்றுபோனது போன்ற தொனி. ஹார்வர்டு தனியார் நிறுவனம். அதன் தலைவரை நியமிப்பது ஆளுநரோ அதிபரோ கிடையாது. 1650-ல் பட்டயம் பெற்ற ஒரு சிறிய ஆட்சிக்குழு, முன்னாள் மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் மேற்பார்வைக் குழுவின் ஒப்புதலோடு அதைச் செய்கிறது. அரசுப் பணம் வருவது பெரும்பாலும் குறிப்பிட்ட ஆராய்ச்சிகளுக்கு. நின்றால் அடிபடுவது அந்த ஆய்வகமும் அதில் வேலை பார்க்கும் இளம் ஆய்வாளர்களும்.

இதையெல்லாம் எதிர்த்து ஹார்வர்டு அரசுமேல் வழக்குகள் போட்டது. அவற்றைப் படித்த விதத்தில் இன்னொரு தவறு: பாதிச் செய்தியோடு நின்றுவிடுவது. 2025 மே 22 அன்று, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியை அரசு ரத்து செய்தது. மொத்த மாணவர்களில் கால்வாசிக்கு மேல் வெளிநாட்டவர், வீடுகளில் பீதி. மறுநாளே நீதிபதி அலிசன் பரோஸ் அதற்குத் தடை போட்டார். ஆனால் வாட்ஸ்அப்பில் முதல் செய்திதான் நாள்கணக்கில் சுற்றியது. நிதி முடக்கம் சட்டவிரோதம் என்று அதே நீதிபதி செப்டம்பர் 3-ல் தீர்ப்பளித்தபோது தலைகீழ்த் தவறு நடந்தது. விவகாரமே முடிந்துவிட்டதாகக் கொண்டாடினார்கள். அது மாவட்ட நீதிமன்றம். மேலே இன்னும் இரண்டு படி இருக்கிறது. தேதியையும், எந்த நீதிமன்றம் என்பதையும் பார்க்காமல் அமெரிக்க வழக்குச் செய்தியை நம்புவது வீண்.

'ஹார்வர்டு ஆய்வு சொல்கிறது' என்ற தலைப்பைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். பல்கலைக்கழகம் எதையும் சொல்வதில்லை. அங்குள்ள சிலர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பல நேரம் அவர்கள் வேலை பார்ப்பது மாசசூசெட்ஸ் ஜெனரல் போன்ற, ஹார்வர்டுக்குச் சொந்தமில்லாத மருத்துவமனையில்; மருத்துவப் பள்ளியில் பேராசிரியர் பதவியும் இருக்கும். உணவு பற்றிய தலைப்புகள் பலவற்றின் பின்னால் 1976-ல் தொடங்கிய செவிலியர் ஆய்வு இருக்கிறது. லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களை, பெரும்பாலும் வெள்ளையினப் பெண்களை, என்ன சாப்பிட்டீர்கள் என்று படிவம் கொடுத்துக் கேட்டுப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு. மதிப்புமிக்கதுதான். ஆனால் காபி குடித்தவர்கள் நீண்டநாள் வாழ்ந்தார்கள் என்றால், காபியால்தான் வாழ்ந்தார்கள் என்று ஆகிவிடாது. நம் வீட்டு ஃபில்டர் காபியில் பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் வேறு இருக்கிறது.

யார் எழுதிய செய்தி என்றும் பாருங்கள். 'ஹார்வர்டு கெசட்' நிர்வாகத்தின் குரல். 'கிரிம்சன்' 1873-லிருந்து மாணவர்களே நடத்தும் நாளிதழ், நிர்வாகத்தைக் குடைந்து கேட்கும். 1968-ல் யேல் பல்கலைக்கழக அணியோடு நடந்த அமெரிக்கக் கால்பந்துப் போட்டியின் கடைசி 42 நொடிகளில் ஹார்வர்டு 16 புள்ளிகள் எடுத்துச் சமன் செய்தபோது, '29-29 என்று யேலைத் தோற்கடித்தோம்' என்று தலைப்புப் போட்ட குறும்புக்காரர்கள். கிரிம்சனில் வந்த ஒரு கருத்துக் கட்டுரையை 'ஹார்வர்டின் நிலைப்பாடு' என்று மொழிபெயர்த்துப் போடக் கூடாது.

சேர்க்கைச் செய்திகளில் வரும் எண்கள் இளநிலைக் கல்லூரிக்கு மட்டுமானவை. '2028 வகுப்பு' என்றால் 2028-ல் பட்டம் வாங்கப் போகிறவர்கள். 54,008 பேர் விண்ணப்பித்து 1,937 பேருக்கு இடம் கிடைத்தது. மருத்துவம், சட்டம், நிர்வாகம் எல்லாவற்றுக்கும் தனிச் சேர்க்கை, தனிக் கட்டணம். 2025 மார்ச்சில் 'ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரை படிப்பு இலவசம்' என்று வந்த அறிவிப்பும் இளநிலைக்குத்தான். அதிலும் 2 லட்சம் வரை இலவசம் என்பது கல்விக் கட்டணம் மட்டும். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து இலவசம் 1 லட்சம் டாலர் வரை. இந்தச் சலுகை வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு. எம்.பி.ஏ. சேர நினைப்பவர்கள் அந்தத் தலைப்பைப் பார்த்து வீட்டில் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.