பிக்சல் போனில் கிராஃபீன் ஓஎஸ்: போடும் முறையும், போட்டதும் மாற்ற வேண்டியவையும்

எனக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. கிளையண்டுகளின் பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், பத்திர நகல் எல்லாம் என் போனுக்குத்தான் வரும். அதே போனில் இருக்கும் ஸ்கேனர் ஆப்பும் கேம் ஆப்பும் அதில் எதையெல்லாம் பார்க்கின்றன என்ற கேள்விதான் என்னை கிராஃபீன் ஓஎஸ் என்ற இயங்குதளத்தின் பக்கம் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை எடுத்து, கூகுள் சேவைகள் இல்லாமல், பாதுகாப்பை இறுக்கி இலவசமாகத் தருகிறார்கள். 2014-ல் தொடங்கிய முயற்சி, 2019 முதல் இந்தப் பெயரில் வருகிறது.

நான் போட்டது கூகுளின் பிக்சல் போனில். பழைய போன் வாங்குவதாக இருந்தால் 6ஏ வேண்டாம், அதற்கு 2027 ஜூலை வரைதான் அப்டேட். பிக்சல் 8 முதல் ஏழு ஆண்டு உண்டு. காசு கொஞ்சம் கூடப் போனாலும் 8ஏ வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' (வேறு ஓஎஸ் போட அனுமதிக்கும் சுவிட்ச்) ஆன் ஆகிறதா பாருங்கள். நெட் இணைத்த பிறகும் மங்கலாகவே இருந்தால் அந்த போனை விட்டுவிடுங்கள்.

போடுவது எளிது. போனில் உள்ள அனைத்தும் அழியும், அதனால் முதலில் பேக்கப். நல்ல யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, குரோம் அல்லது எட்ஜில் கிராஃபீன் ஓஎஸ் தளத்தின் வெப் இன்ஸ்டாலரைத் திறந்து, வரிசையாக பட்டன்களை அழுத்திக்கொண்டே போகலாம். கடைசியில் வரும் 'லாக் பூட்லோடர்' படியை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. போன் ஆன் ஆகும்போது ஓஎஸ்ஸை ஏற்றும் நிரல்தான் பூட்லோடர்; அது திறந்தே கிடந்தால் இவ்வளவு பாதுகாப்புக்கும் பொருளே இல்லை. பிறகு பூட் ஆகும்போது மஞ்சள் எச்சரிக்கையுடன் ஓர் எண்ணெழுத்து வரிசை தெரியும். அதைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திறந்ததும் கறுப்புத் திரை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆப்கள், விளம்பரம் துளியும் இல்லை. எனக்கு அந்த வெறுமை மிகவும் பிடித்துப்போனது. பிளே ஸ்டோர் வேண்டுமானால் உள்ளேயே இருக்கும் ஆப் ஸ்டோரிலிருந்து போட்டுக்கொள்ளலாம். அது இங்கே தனிச் சலுகை எதுவும் இல்லாத சாதாரண ஆப்பாகத்தான் ஓடும்.

அடுத்து தமிழ். கூடவே வரும் கீபோர்டில் தமிழ் உண்டு, ஆனால் ஒலிபெயர்ப்பு முறை இல்லை. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்கள் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டு போட்டு, தமிழைப் பதிவிறக்கம் செய்துகொண்டு, பிறகு அதன் நெட்வொர்க் அனுமதியை நிறுத்திவிடுங்கள். நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் கடந்துபோகும் ஆப்புக்கே இணையத்தைத் துண்டிக்க முடிகிறது. இது ஒன்றுக்காகவே மாறலாம் என்பேன்.

கால்குலேட்டர், ஸ்கேனர் போன்றவற்றுக்கும் போடும்போதே நெட்வொர்க்கை மறுத்துவிடலாம். கோப்புகள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டு அடம்பிடிக்கும் ஆப்புக்கு 'ஸ்டோரேஜ் ஸ்கோப்ஸ்'. முழு அனுமதி கிடைத்ததாக அது நினைத்துக்கொள்ளும்; கண்ணில் படுவதோ அது உருவாக்கிய கோப்புகளும் நாம் காட்டிய ஃபோல்டரும் மட்டுமே. வாட்ஸ்அப்புக்கு 'கான்டாக்ட் ஸ்கோப்ஸ்' வைத்து, தேவையான பெயர்களை மட்டும் காட்டுகிறேன்.

வங்கி ஆப்தான் சிக்கல். கூகுள் சான்றளித்த மென்பொருளில் மட்டும் ஓடுவேன் என்று சொல்லும் ஆப்கள் இங்கே திறக்காது. என்னுடையவற்றில் ஒன்று திறந்தது, இன்னொன்று மறுத்துவிட்டது. வெறுமனே மூடிக்கொள்ளும் ஆப் என்றால் ஆப் இன்ஃபோவில் 'எக்ஸ்ப்ளாய்ட் புரொடெக்‌ஷன் கம்பாட்டிபிலிட்டி மோட்' ஆன் செய்து பாருங்கள், சில சரியாகிவிடும். யூபிஐ இல்லாமல் டீக்கடையில்கூட நிற்க முடியாத காலம் இது. அதனால் உங்கள் வங்கி ஆப் இதில் ஓடுகிறது என்று தெரியும்வரை பழைய போனையும் சிம்மையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

பதினெட்டு மணி நேரம் திறக்காமல் விட்டால் போன் தானே ரீபூட் ஆகும், பழுது என்று பதற வேண்டாம். திருட்டுப் போனால் தரவு பூட்டிய நிலைக்கே திரும்ப வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நேரத்தை செட்டிங்ஸில் குறைக்கலாம். வெளியூர் ஆடிட்டுக்குப் போகும் நாட்களில் நான் குறைத்துத்தான் வைப்பேன்.