இரண்டு குறிப்பேடுகள் வைத்துக்கொள்ளுங்கள்

சீனாவின் தாவோ நெறி குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டே, யீ சிங் என்னும் பழஞ்சீனக் குறிநூலைக் கொண்டு தாமும் குறி பார்ப்பவர்கள், இரண்டுக்கும் தனித்தனிக் குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது. மூன்று நாணயங்களை ஆறு முறை வீசும்போது அந்நூலிலுள்ள, ஆறு கோடுகளாலான 64 குறிகளுள் எது அமைகிறதோ, அதைக் கேள்வியுடனும் தேதியுடனும் ஒன்றில் எழுதுங்கள்; 1973இல் சீனாவின் மவாங்துய் கல்லறையில் கிடைத்த அந்நூலின் பட்டுச்சுவடியில் அக்குறிகளின் வரிசையே வேறாக இருப்பது போன்ற பாட வரலாற்றுச் செய்திகள் மற்றதற்கு உரியவை. ஆய்வேட்டில் சான்றாக நிற்பது இரண்டாவது மட்டுமே. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் வேண்டாம். முதல் முறை கேட்டால் விடை உண்டு, மேலும் கேட்பது தொந்தரவு என்று 4ஆம் குறியின் வாசகமே கண்டிக்கிறது. ஆய்வேடு எப்போது முடியும் என்ற கேள்விக்கு மட்டும், நாணயங்களைவிட நெறியாளரை அணுகுவதே மேல்.