காமா வெடிப்பின் பின்னொளிர்வை சப்-மில்லிமீட்டரில் பிடிப்பது எப்படி? பெங்களூரிலிருந்து செய்பவர்களுக்கு

காமா வெடிப்பு என்பது தொலைதூர விண்மீன்மண்டலத்தில் சட்டென நிகழும் காமா கதிர் வெடிப்பு. அதன்பின் மெல்ல மங்கும் ஒளிர்வுதான் பின்னொளிர்வு. ஹொசகோட்டேயிலிருந்து இயக்கும் லடாக்கின் ஹான்லே தொலைநோக்கியில் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும், கொடாட்டின் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியில் ரேடியோவையும் அளப்பது நமக்குப் பழகிய வேலை. இரண்டுக்கும் நடுவே, சப்-மில்லிமீட்டர் அலைநீளமான 345 கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் பின்னொளிர்வின் உச்சம் முதல் ஓரிரு நாளில் கடந்துபோகும். அங்கே தூசி ஒளியை மறைப்பதில்லை, ரேடியோவில் வரும் சிமிட்டலும் தொல்லை தராது.

வெடித்தபின் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் காலம் போய்விடும். சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கி வரிசைக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். எந்த நிலையில் நேரம் கேட்பீர்கள் என்பதை ஆண்டு விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்: எக்ஸ்-கதிர்ப் பிரகாசம், சாய்வு (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே, தெற்கே உள்ள கோணம்), எத்தனை மணிக்குள் என்பதெல்லாம். வடக்குச் சாய்வு +40 பாகையைத் தாண்டினால் ஆல்மாவில் மூலம் (நாம் பார்க்கும் பொருள்) தொடுவானிலிருந்து 27 பாகைக்கு மேல் ஏறாது. அப்போது ஹவாயின் எஸ்.எம்.ஏ. அல்லது பிரான்சின் நோயெமா தொலைநோக்கி வரிசைகள் பக்கம் போங்கள்.

வெடிப்பைக் கண்டு சொல்லும் ஸ்விஃப்ட் விண்கலத்தின் முதல் அறிவிப்பை மட்டும் நம்பிக் கேட்காதீர்கள். அது தரும் இடத்தின் பிழை சில கலைநிமிடம் (ஒரு கலைநிமிடம் பாகையில் 1/60, அதில் 1/60 ஒரு கலைநொடி). ஆல்மாவின் 12 மீட்டர் தட்டு 345 கிகாஹெர்ட்ஸில் பார்க்கும் பரப்போ சுமார் 17 கலைநொடிதான். ஸ்விஃப்ட்டின் எக்ஸ்-கதிர்க் கருவி தரும் சில கலைநொடித் துல்லியம் வரும்வரை பொறுங்கள்.

எப்போது பார்ப்பது? வெடிப்பிலிருந்து பாயும் பொருள் சுற்றுப்புற வாயுவில் மோதும்போது, வாயுவுக்குள் ஓர் அதிர்வலை முன்செல்லும், பாயும் பொருளுக்குள் இன்னொன்று பின்செல்லும். முன்செல்லும் அதிர்வலையின் உச்ச அதிர்வெண் நேரத்தின் −3/2 அடுக்காக இறங்கும். ஒளியில் உச்சம் 10 நிமிடத்தில் வந்தால் 345 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 21 மணி நேரத்தில் வரும். பின்செல்லும் அதிர்வலையைப் பிடிக்க வேண்டுமானால் அதற்கு முன்பே, முதல் சில மணி நேரத்திலேயே அளக்க வேண்டும். ஒரே அதிர்வெண்ணில் ஒரே அளவு எடுத்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. 97.5, 345 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஒரே இரவில் கேளுங்கள், ஓரிரு நாளில் மறுபடி கேளுங்கள். ஹவாயின் நள்ளிரவு நமக்குப் பிற்பகல் 3:30, சிலியின் நள்ளிரவு காலை 8:30 அல்லது 9:30. எனவே பகல் முழுக்க ஒருவர் கணினியருகே இருக்க வேண்டும்.

பல பின்னொளிர்வுகள் 1 மில்லிஜான்ஸ்கிக்குக் (ரேடியோ பிரகாசத்தின் அலகு) கீழேதான். ஹவாயின் ஒற்றைத் தட்டுத் தொலைநோக்கி ஜே.சி.எம்.டி.யில் ஒரு மணி நேரம் பார்த்தாலும் இரைச்சலே சுமார் அந்த அளவு வரும். மிகப் பிரகாசமானதைத் தவிர மற்றவற்றுக்கு மேல்வரம்புதான் கிடைக்கும்.

தரவைச் சீராக்கும்போது கவனம் எல்லாம் ஃபேஸில் (தட்டுகளுக்கு அலை வந்துசேரும் கட்டத்தில்) இருக்கட்டும். காற்றிலுள்ள நீராவி அலைக்கழித்தால் ஃபேஸ் சிதறி, மூலம் உண்மையைவிட மங்கலாகத் தெரியும். மங்கலான மூலத்தில் தன்-அளவீடு (மூலத்தின் சொந்தத் தரவைக் கொண்டே ஃபேஸைத் திருத்துவது) செய்யவும் முடியாது. அதனால்தான் அருகில் ஒரு குவேசாரை (புள்ளியாகத் தெரியும் பிரகாசமான தொலைதூர விண்மீன்மண்டல மையம்) சோதனை மூலமாகச் சேர்க்கிறோம். அதையும் இலக்கைப் போலவே அளவுத்திருத்தம் செய்து, தன்-அளவீடு செய்தபின் அதன் பிரகாசம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 20 சதவீதம் ஏறினால் உங்கள் பின்னொளிர்வின் 'வீழ்ச்சி'யிலும் அதே அளவு வானிலையின் வேலையாக இருக்கலாம். இதைப் பார்க்காமல் ஒளிவளைவில் (நேரத்துக்கேற்ற பிரகாச வரைபடத்தில்) ஒரு முறிவை, அதாவது சரிவு மாறும் இடத்தை, பொருத்துவது வீண். ஃபிளக்ஸ் (வந்துசேரும் பிரகாச அளவு) அளவுத்திருத்தத்தில் 345 கிகாஹெர்ட்ஸில் 10 சதவீதப் பிழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பின்னொளிர்வு அணைந்தபின், சில மாதம் கழித்து, ஒரு அளவு எடுங்கள். வெடிப்பு நிகழ்ந்த தாய்விண்மீன்மண்டலம் தூசி மிகுந்ததானால் தானே 345-இல் ஒளிரும். அதைக் கழிக்காவிட்டால் ஒளிவளைவின் வால் தட்டையாகிவிடும்.