‘புலித்தாய்’ பற்றிச் சண்டை போடுமுன்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியை, சீன வம்சாவளி ஏமி சுவா, தன் இரண்டு மகள்களைக் கண்டிப்பாக வளர்த்த கதையை 2011 ஜனவரியில் ‘புலித்தாயின் போர்ப்பாடல்’ (Battle Hymn of the Tiger Mother) என்று புத்தகமாக்கினார். தோழி வீட்டில் தங்கக்கூடாது, டிவி கூடாது, ஏ கிரேடுக்குக் குறையக்கூடாது. அமெரிக்காவே இரண்டு கட்சியானது. கீழக்கரையிலோ தங்கச்சிமடத்திலோ இதைச் சொல்லிப் பாருங்கள், ஐந்து நிமிஷத்தில் அதே இரண்டு கட்சி. “இப்படி இருந்தாத்தான் பிள்ளை உருப்படும்” என்று ஒன்று, “இவளெல்லாம் ஒரு தாயா” என்று இன்னொன்று. செய்யும் தவறுகள் மட்டும் ஏறக்குறைய பொது.

பெரிய தவறு, துண்டைப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது. புத்தகம் வருமுன்பே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் அதில் ஒரு பகுதியை, சீனத் தாய்களே உசத்தி என்ற தலைப்பில் போட்டது. உலகம் மல்லுக்கு நின்றது அந்தத் தலைப்போடுதான். அந்தத் தலைப்பை நான் வைக்கவில்லை என்றார் சுவா. புத்தகத்தின் பின்பகுதியில், 13 வயது இளையவள் லூலு மாஸ்கோவில் ஓர் ஓட்டலில் கண்ணாடி டம்ளரை உடைத்து அம்மாவிடம் கத்துகிறாள். அம்மா இறங்கி வருகிறார், மகள் டென்னிஸ் பக்கம் போகிறாள். அந்த இடத்துக்கு வராமலே ‘புலித்தாய் முறை’ என்று பிள்ளைக்கு அட்டவணை போட்டவர்களை என்ன சொல்ல?

அடுத்தது நம்மூர் ஸ்பெஷல். “எங்க வாப்பா பெல்ட்டால அடிச்சாரு, இன்னைக்கு நான் துபாயில மேனேஜர்.” சரி, அதே அடி வாங்கிப் பத்தாவதோடு வீட்டைவிட்டு ஓடியவர் இந்தப் பேச்சில் உட்கார்ந்திருக்க மாட்டாரே! ஜெயித்தவர்களை மட்டும் கேட்டால் பெல்ட்டுக்கு நல்ல பெயர்தான் கிடைக்கும். அமெரிக்காவில் 444 சீன வம்சாவளிக் குடும்பங்களை எட்டு வருஷம் தொடர்ந்த ஆய்வு 2013-ல் வந்தது. அரவணைப்போடு வளர்ந்த பிள்ளைகளைவிடப் புலி வளர்ப்புப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைவு, மனச்சோர்வு அதிகம். அந்தக் குடும்பங்களிலேயே அரவணைப்பு வகைதான் மிகுதி.

ராமேஸ்வரத்தில் பேச்சு நடந்தால் கலாமையும் இழுப்பார்கள். யாரோ கொடுத்த பரிசுப்பொருளை வாங்கி வைத்ததற்கு அப்பாவிடம் அடி வாங்கியதை அவரே சொல்லியிருக்கிறார்தான். அந்த ஓர் அடியைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்ன மீதிப் பாசத்தை விட்டுவிடுவது என்ன நியாயம்?

மூத்த மகள் சோஃபியா அதே மாதம் நியூயார்க் போஸ்ட்டில் அம்மாவுக்கு ஆதரவாக எழுதினாள். “பாத்தீங்களா, பிள்ளையே சொல்லிட்டா” என்று வழக்கை முடிக்காதீர்கள். டம்ளரை உடைத்தவளும் அதே வீடுதான்.

அம்மாவை மட்டும் குறிவைப்பதும் தப்பு. அப்பா சவூதியிலோ கடலிலோ இருக்க, கண்டிப்பு முழுக்க அவள் தலையில் விழுகிறது; பொல்லாதவள் என்ற பெயரும் அவளுக்கே. (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பிளஸ் டூ ரிசல்ட்டும் அப்போதுதான் வரும். அந்தத் திட்டுகளை யாரும் புத்தகமாக்கவில்லை.)

அப்புறம், இந்தப் புத்தகத்தைக் காட்டிப் பள்ளியில் போய், “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்” என்று சொல்ல வேண்டாம். சுவாவின் ஆயுதம் பெரும்பாலும் மிரட்டலும் மணிக்கணக்கான பயிற்சியும்தான், பிரம்பு அல்ல. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் ஆசிரியர் கை ஓங்க முடியாது.