நொட்டாங்கைக்காரர் ஷாட்கன் வாங்கும்போது

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் துப்பாக்கி என்றாலே வீட்டில் தாத்தா வைத்துவிட்டுப் போன இரட்டைக் குழல் 12 போர் (குழலின் அளவு) ஷாட்கன்தான், அதுவும் சோத்தாங்கைக்காரருக்கென்று செய்தது. லைசென்ஸ் கையில் இல்லாமல் விலை பேசவே போகாதீர்கள்.

எந்தக் கை என்பதற்கு முன்னால் எந்தக் கண் என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களைச் சேர்த்துச் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்துப் பனைமரத்தின் கொண்டையைப் பாருங்கள், அப்புறம் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் மரம் காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் வலுவான கண். அது வலது என்றால், இடது தோளில் வைத்துச் சுடுவது கொஞ்சம் மல்லுக்கட்டுத்தான்.

அடுத்து பின்கட்டை, அதாவது தோளில் வைக்கும் மரக்கட்டை. மேலிருந்து பார்த்தால் பல துப்பாக்கிகளில் அது லேசாக வலப்பக்கம் வளைந்திருக்கும், நமக்கு அது கன்னத்தை இடிக்கும். குண்டு இல்லை என்று குழலைத் திறந்து பார்த்துவிட்டு, ஆள் இல்லாத பக்கமாக, கண்ணை மூடித் தோளில் ஏற்றிக் கண்ணைத் திறங்கள். குழல் நுனியில் குறி பார்க்க வைத்திருக்கும் சின்ன மணி குழலின் நடுவில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வளைவு இல்லாத நேர்க்கட்டை கேளுங்கள்.

தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்பேன், பெரும்பாலும் வெற்றுத் தோட்டா வலப்பக்கம் தெறித்து மூஞ்சிக்கு முன்னால் பறக்கும். மடக்கித் திறக்கும் இரட்டைக் குழலில் அந்தத் தொல்லை இல்லை, தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டி மேலே நடுவில் இருந்தால் எந்தக் கட்டைவிரலுக்கும் சரி. திறக்கும் நெம்பு மட்டும் வலப்பக்கம் தள்ளுவது, ஒரு வாரத்தில் பழகிவிடும்.